சக்கரம், அணா, நயாபைசா



இத்திங்கள் ‘ஜன்னலருகே’ பகுதியில், விடுமுறைக்கு ஊர் செல்வோர் முன்பதிவு செய்துகொள்ளும் முறையைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் கூறியிருந்தேன். அதனை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்க நேர்ந்ததை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், என் முன்பதிவு ஜன்னலுக்கு எதிரே வந்து நின்ற ஒருவர் இக்கட்டுரைக்குக் காரணமானார். அவர் வேறு யாருமல்லர்; என்னுடன் பிறந்த மூத்த சகோதரி.

அவர் நீட்டிய படிவத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. திருநெல்வேலிக்குப் புறப்படும் தேதி இருந்தது. திரும்பும் தேதி எழுதப்படவில்லை. “திரும்பி வருவது என்றைக்கு அக்கா?” என்று வழக்கம்போல் கேட்டேன். அக்காள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “உன் அத்தான் வேலையை விட்டுவிடப் போகிறாராம் தம்பி. ஊரோடு போய் இருந்துவிடலாம் என்கிறார். பிள்ளையின் படிப்பு என்ன ஆவது, வீட்டுக் கடன் என்ன ஆவது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை” என்றார். வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழக்கத் தொடங்கினார்கள். நான் படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அதுவரை டிக்கெட் வேண்டா” என்று சொல்லி அனுப்பினேன்.

அத்தானுக்கு வயது 51. கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். 28 ஆண்டுகளாகக் கோபால் என்னும் நிரல் மொழியில் எழுதி வருகிறார். பெயரைக் கேட்டு யாரோ ஓர் அன்பர் என்று மயங்க வேண்டா. கணிப்பொறிக்கு வேலையிடும் மொழிகளுள் அதுவும் ஒன்று. 1959-இல் அமெரிக்காவில் அரசாங்கத்தாரும் கணிப்பொறிக் கம்பெனிகளும் கூடி வகுக்கத் தொடங்கி, 1960-இல் வெளியிட்டார்கள். வங்கி, இன்ஷ்யூரன்ஸ், சம்பளப் பட்டுவாடா முதலிய கணக்குகளுக்கென்றே அமைந்த மொழி அது. கணக்கெழுதும் குமாஸ்தாவும் படித்தறியத்தக்க வகையில், கூட்டு, கழி, எழுது என்னும் பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொற்களால் ஆனது.

அத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது சென்னையில். ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களை மட்டும் ஒதுக்கியிருந்த பழைய நிரல்கள், 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் அதனை 1900 என்று கொண்டு தடுமாறும் என அஞ்சப்பட்ட காலம் அது. அவற்றைத் திருத்தும் பணிக்கு நம் நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டார்கள். பின்னர் அவர் இவ்வூருக்கு வந்து, வெளிநாட்டு இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம் ஒன்றின் கணக்குகளைக் கவனித்து வந்தார். இப்போது அந்த ஸ்தாபனத்தார் எல்லாவற்றையும் ஜாவா என்னும் மொழிக்கு மாற்ற முடிவு செய்துவிட்டார்கள். ஆறு மாதத்திற்குள் ஜாவா கற்றுத் தேற வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. தேறாதவர்க்கு இடமில்லை என்பதைச் சொல்லாமற் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சென்றபோது அத்தான் திண்ணையில் அமர்ந்திருந்தார். “வகுப்பு நடத்துகிற பையனுக்கு இருபத்தைந்து வயது மாப்பிள்ளை. நல்ல பையன்தான். முதல் நாள் ‘எண்ணை எப்படி ஒரு பெயரில் வைப்பது’ என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினான். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் ‘ஆப்ஜெக்ட்’ என்று ஆரம்பித்தான், ஒன்றும் ஏறவில்லை. கேள்வி கேட்டால் பக்கத்துப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்று கேட்பதில்லை. எனக்குத் தெரிந்தது அத்தனையும் இனிக் குப்பைதானே?” என்றார்.

நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். நிரல் மொழிகளைப் பற்றி அவருக்கு எடுத்துரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அவருடைய கடைசிச் சொல் என்னை விடவில்லை. அப்போது எங்கள் பாட்டனார் நினைவுக்கு வந்தார்.

பாட்டனார் சாலைக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. அவர் பேரேட்டைத் தொட்ட காலத்தில் இங்கு வழங்கியது திருவிதாங்கூர்ப் பணம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பின்னர்ச் சக்கரம் மறைந்து அணாக் கணக்கு நிலைத்தது. அது கைக்குப் பழகி எட்டாண்டு ஆவதற்குள், 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி, ரூபாயை 100 நயாபைசாவாகப் பகுக்கும் தசாம்ச முறை வந்துவிட்டது. ஒரே மனிதரின் ஒரே கை மூன்று கணக்குகளை எழுதியது.

தசாம்சம் தெரிந்த பள்ளிப் பையன் ஒருவனைக் கடை முதலாளி அப்போது புதிதாக அமர்த்தினாராம். பாட்டனாரை நீக்கிவிடுவார் என்றே வீட்டில் அஞ்சினார்கள். முதலாளி அவ்வாறு செய்யவில்லை. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தார். பையன் அச்சிட்ட மாற்று அட்டவணையைப் பார்த்து, ஓர் அணாவுக்கு 6 நயாபைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று படித்தான். பாட்டனார் உடனே, “ஒவ்வோர் அணாவாகப் பதினாறு முறை சரக்கு விற்றால் 96 நயாபைசாதானே வருகிறது? மீதி நான்கு எங்கே போயிற்று?” என்று கேட்டார். ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயாபைசா. ஒவ்வொரு முறையும் கால் நயாபைசா உதிர்ந்துவிடுகிறது. ஆகவே நாள் முழுதும் அணாவிலேயே கூட்டி, மாலையில் மொத்தத் தொகையை மட்டும் ஒருமுறை மாற்றுவது என்று இருவரும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பையனுக்குப் புதிய முறை தெரியும். எந்த இடத்தில் காசு உதிரும் என்பது பாட்டனாருக்குத் தெரியும்.

இதனைச் சொல்லிவிட்டு, “அத்தான், வகுப்பை விட்டுவிட வேண்டா. அதனோடுகூட, உங்கள் அதிகாரியிடம் ஒரே ஓர் உதவி கேளுங்கள். நீங்கள் எழுதிய பழைய நிரல் ஒன்றையும் ஜாவா அறிந்த ஓர் இளையவரையும் தரச் சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து அதனை மாற்றிப் பாருங்கள்” என்றேன். அத்தான் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் கேட்டார். அதிகாரியும் இசைந்தார். கொல்லத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண்ணை அவருடன் அமர்த்தினார்கள்.

இருவரும் எடுத்துக்கொண்டது வட்டி கணக்கிடும் சிறிய நிரல். பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே கணக்குகளின் மீது ஓட்டி ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவை பொருந்தின, பலவற்றில் ஒரு சென்ட் வேறுபட்டது. அந்தப் பெண் ஜாவாவில் ‘டபிள்’ என்னும் எண் வகையைப் பயன்படுத்தியிருந்தாள். அது 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு பின்னங்களை வைத்துக்கொள்வது. மூன்றில் ஒன்றைத் தசாம்சத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்கிறதன்றோ? அவ்வாறே, பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னமும் அம்முறையில் முழுமையாக அடங்குவதில்லை. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வருமாம். கோபால் மொழியோ பணத் தொகையைத் தசாம்சமாகவே வைத்துக் கணக்கிடும். தன் பிழையை உணர்ந்த அப்பெண், ஜாவாவிலும் பணத்திற்கென உள்ள ‘பிக்டெசிமல்’ என்னும் வகைக்கு மாற்றினாள். அதன் பின்னும் சில கணக்குகளில் ஒரு சென்ட் இடித்தது.

அத்தான் பழைய நிரலை ஒருமுறை பார்த்துவிட்டு, “இந்த வரியில் ‘ரவுண்டட்’ என்ற சொல் இல்லை, கவனித்தாயா அம்மா?” என்று கேட்டாராம். கோபால் மொழியில் அச்சொல்லை எழுதினால்தான் மிச்சப் பின்னம் அருகிலுள்ள சென்டுக்குத் திருத்தப்படும். எழுதாவிடில் அப்படியே வெட்டப்படும். 1234.567 என்பது முன்னதில் 1234.57 ஆகும், பின்னதில் 1234.56 ஆகும். புதிய நிரலில் திருத்தும் முறையை எழுதியிருந்தார்கள். பழையதில் இத்தனை ஆண்டும் வெட்டியே வந்திருக்கிறது. வெட்டுவது சரியா, திருத்துவது சரியா என்பது அந்த ஸ்தாபனத்தார் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதை எடுத்துக் கூறியவர், குப்பை என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்ட மனிதர்!

நிற்க. இத்தகைய மாற்றம் என் உத்தியோகத்திற்கும் புதியதன்று. ரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு 1985-இல் புதுடில்லியில் தொடங்கியது. ‘இம்ப்ரெஸ்’ என்பது அந்த முதல் நிரல் தொகுதியின் பெயர். பின்னர் ‘கான்செர்ட்’ என்னும் புதிய தொகுதி உருவாகி, 1994-இல் முதன்முதலாகச் செகந்திராபாத்தில் இயங்கத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் அதனைத் திணிக்கவில்லை. ஒரு நிலையத்தில் ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குக் கொண்டுசென்று, டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து மையங்களையும் 1999-இல் இணைத்தார்கள். இடையில் எந்த நாளிலும் பிரயாணிக்கு டிக்கெட் கொடுக்காமல் இருக்க முடியாதன்றோ? 2025-ஆம் ஆண்டில் மீண்டும் இதன் அடிப்படையையே புதுப்பிக்கும் பணி நடைபெறுவதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. ரயிலை நிறுத்தாமல் தண்டவாளத்தை மாற்றும் வேலை இது. அவ்வழியை முன்பே அறிந்தவர்கள் அருகில் இருந்தாக வேண்டும்.

நம் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில், பழைய திருவிதாங்கூர்ப் பதிவேடுகள் ஓலைக் கட்டுகளாகக் குவிந்துள்ளன. 2022-இல் அங்கு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் எழுதப்பெற்ற அவ்வோலைகளைப் படிக்கவல்லவர் மிகச் சிலரே. படிப்பார் இல்லாதபோது ஓலை கெடாமல் இருந்தும் ஊமையாகிவிடுகிறது. பழைய நிரல்களின் நிலையும் அதுதான். 2020 ஏப்ரலில், கொரோனா நோயால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்குத் திரண்டபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலக் கவர்னர் கோபால் அறிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அரசாங்கக் கணிப்பொறிகள் அப்பழைய மொழியிலேயே இயங்கிவந்தன. மொழி பழையதாகலாம், அதற்குள் இருக்கும் கணக்கு இன்றைய மனிதருடைய அன்றாடச் சோறு.

நம் சங்கக் குடும்பங்களில் அத்தானைப் போன்றோர் இன்னும் சிலர் இருத்தல் கூடும். ஆகையால் அவரும் அப்பெண்ணும் சொல்லக் கேட்டு, பயன்பட்டவற்றைக் குறித்து வைத்தேன்.

முதலாவது, முதியவரை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைத்தல் கூடாது. அவர் நன்கறிந்த ஒரு சிறு கணக்கைப் புதிய மொழியில் எழுதச் சொல்ல வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தால், எப்படிச் சொல்வது என்பதை மட்டும் கற்றால் போதும்; பாரம் பாதியாகும்.

இரண்டாவது, இரு மொழிக்கும் பொதுவானவற்றை முதலில் காட்ட வேண்டும். கோபாலில் ஒரு பத்திக்குப் பெயரிட்டு, வேண்டும்போது அதனை நிறைவேற்றச் சொல்வார்கள். ஜாவாவில் அதற்கு இணையாக ‘மெத்தட்’ இருக்கிறது. கோபாலில் தரவுகளை எல்லாம் தனிப் பிரிவில் ஒருங்கே அறிவிப்பார்கள். செய்முறை வேறு பிரிவில் இருக்கும். ஜாவாவில் தரவையும் அதனைக் கையாளும் செய்முறையையும் சேர்த்து ஒரே கட்டாக வைப்பார்கள், அதுவே ‘ஆப்ஜெக்ட்’. “கடை முழுவதற்கும் ஒரே பேரேடு என்பதற்குப் பதில், ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் தனிப் பற்றுவரவுப் புத்தகம், அதைக் கையாளும் விதியும் அதன் அட்டையிலேயே எழுதியிருக்கிறது” என்று அப்பெண் சொன்ன நாளில்தான் அத்தானுக்கு விளங்கியதாம்.

மூன்றாவது, பொதுவல்லாதவற்றை மறைக்கக் கூடாது. பழைய கை பழைய வழியிலேயே போகப் பார்க்கும். ஜாவா எழுத்தில் கோபாலையே எழுதிவைப்பதை, இத்தொழிலில் உள்ளோர் ‘ஜோபால்’ என்று கேலியாகச் சொல்வதுண்டு. இயந்திரத்தைக் கொண்டு வரிக்கு வரி மாற்றினாலும் அதுவே நேரும். பழைய மொழியாரும் புதிய மொழியாரும் ஒருங்கே படிக்கவொண்ணாத எழுத்தாகிவிடும். ஆகவே எழுதியதை வாரந்தோறும் ஓர் இளையவர் படித்துத் திருத்துவது நலம். திருத்தப்படுவதில் மானக்குறைவு இல்லை.

நான்காவது, பழையதை உடனே நிறுத்தலாகாது. இரண்டையும் சிலகாலம் ஒருங்கே ஓட்டி, விடைகளைக் காசு பிசகாமல் ஒப்பிட வேண்டும். நம் ஊர்ப் புறங்களில் பனைமரத்தின் உச்சியில் ஆல விதை விழுந்து முளைத்து, பல ஆண்டுகளில் வேர் தரையிறங்கி, பனையைச் சுற்றி வளர்வதைக் கண்டிருப்பீர்கள். இத்தகைய மரத்தின் பெயரையே, சிறிது சிறிதாக மாற்றும் இம்முறைக்கு மார்ட்டின் பௌலர் என்னும் நிபுணர் 2004-இல் இட்டார்.

ஐந்தாவது வீட்டாருக்கு. கற்கும் மனிதரை ‘இன்னும் முடியவில்லையா?’ என்று நாள்தோறும் வினவாதீர்கள். இரவில் ஒரு மணி நேரமும் ஓர் அமைதியான மேசையும் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் என்னும் நிரல் மொழியைப் படிக்கும் அக்காள் மகள், இப்போது தன் தந்தைக்கு எதிரே அமர்ந்து அவரவர் பாடத்தை எழுதுகிறாள். சந்தேகம் வந்தால் தந்தை மகளைக் கேட்கிறார். முதலில் அது அவருக்குக் கடினமாகத்தான் இருந்தது. கணக்கில் பிழை வந்தால் மகள் தந்தையைக் கேட்கிறாள். அதனால் இருவர் கணக்கும் நேராயிற்று.

வயதாகிவிட்டதே என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி கூறி முடிக்கிறேன். கோபால் மொழிக்குப் பெரிதும் அடிப்படையாக இருந்தது, கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையாரின் தலைமையில் அதற்கு முன் உருவான ஒரு மொழி. எண்களும் குறிகளும் தவிரக் கணிப்பொறிக்கு வேறொன்றும் விளங்காது என்று பலரும் கூறிய காலத்தில், சாதாரணச் சொற்களால் அதற்குக் கட்டளையிட முடியும் என்று நிலைநாட்டியவர் அவர். கோபாலை வகுக்கத் தொடங்கிய 1959-ஆம் ஆண்டின் மத்தியில் அவருக்கு வயது 52. என் அத்தானைவிட ஒரு வயது மூத்தவர்!

அத்தான் முற்றிலும் தேறிவிட்டார் என்று நான் எழுதினால் பொய்யாகும். ஆறு மாதக் கெடுவில் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தேர்வு ஒன்று எழுத வேண்டும். ஜாவாவில் ஒரு பக்கம் எழுத அந்தப் பெண்ணுக்கு ஆகும் நேரத்தைப்போல் மூன்று மடங்கு அவருக்கு ஆகிறது. சில இரவுகளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறார் என்று அக்காள் சொல்கிறார். ஆனால் மறுநாள் மீண்டும் திறக்கிறார். வேலையை விடும் பேச்சு வீட்டில் எழவில்லை.

சென்ற வாரம் அக்காள் மீண்டும் என் ஜன்னலுக்கு வந்தார். இழுப்பறையிலிருந்த பழைய படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதனைக் கிழித்துப் போட்டுவிட்டு, பொங்கலுக்கு ஊர் செல்லப் புதிய படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்தார். இம்முறை திரும்பும் தேதியும் எழுதியிருந்தது.

கிழக்கேகோட்டையில் நம் சங்கம் கூடும் அறை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பூட்டியே கிடக்கிறது. பழைய நிரல் மொழி அறிந்த பெரியவர்களும் புதியது அறிந்த பிள்ளைகளும் அங்கு ஒன்றாக அமர்வதற்குச் செயலாளர் இசைந்திருக்கிறார். கட்டணம் ஏதுமில்லை. வருவோர் தாம் நன்கறிந்த ஒரு சிறு கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். அலுவலகத்து நிரல்களைக் கொண்டுவருதல் கூடாது. அவை பிறர் பொருள். முதல் வாரம் அத்தானும் வருவதாகக் கூறியுள்ளார். பிள்ளைகளுக்குக் கற்பிக்கவா, பிள்ளைகளிடம் கற்கவா என்று கேட்டேன். “இரண்டுக்கும்தான் மாப்பிள்ளை” என்றார்.

விடுமுறை முன்பதிவு விவரம் அடுத்த இதழில் தவறாது வெளிவரும்.